நிற்காமல் மாறிய கம்ப்யூட்டரும் மாரப்பன் கல்யாணமும்

“டிணுங்” என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது. அப்புறம் தார் ரோட்டில் யாரோ இரும்பை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். அதுவும் ஓய்ந்ததும் தெருக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருமத் தொடங்கும். இருமி, காறி, காற்றைத் துப்பி, கடைசியில் பெரிய மனசு பண்ணித் தண்ணீர் விடும். ஓணான்வலசில் விடிந்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். சூரியனும் வரும்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த “டிணுங்” கம்ப்யூட்டர் போடுகிற சத்தம். இரும்பை இழுத்துக்கொண்டு போகிறவன் மாரப்பன்.

முன்பெல்லாம் மாரப்பன் காலையில் எழுந்து, ஆள் உயர வால்வுச் சாவியை எடுத்துப் போய், ரோட்டோரக் குழிக்குள் விட்டுத் திருகித் தண்ணீர் திறந்துவிடுவான். ஊர் முன்னேற வேண்டும் என்று குடிநீர்க் கமிட்டி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. இப்போது ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் மணியடித்து, ‘வடக்குத் தெரு’ என்று திரையில் காட்டும். மாரப்பன் அதைப் படித்துவிட்டு, சாவியை எடுத்துப் போய், குழிக்குள் விட்டுத் திருகித் தண்ணீர் திறந்துவிடுவான். ஏழு மணிக்குத் தெற்குத் தெருவுக்கும் அதே மாதிரி. இதில் என்ன வித்தியாசம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு.

“முன்னாடி இவன் தொறந்தானுங்க. இப்பக் கம்ப்யூட்டர் தொறக்குது. இவன் சாவியைப் புடிச்சுக்கறான், அவ்வளவுதான்” என்பார் கமிட்டித் தலைவர் சென்னியப்பன்.

வித்தியாசம் மாரப்பனுக்குத்தான். நாற்பதைத் தாண்டியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் ஜாதகம் போகாத ஊரில்லை. போன வேகத்தில் திரும்பாத நாளில்லை. ‘வால்வு திறக்கிறவன்’ என்றிருந்த இடத்தில் ‘கம்ப்யூட்டர் ஆபரேட்டர்’ என்று தரகர் போட்ட அன்றுதான் அது முதல்முறையாகப் போன இடத்தில் தங்கியது. தேரைப்பாளையம் அங்கமுத்துவின் மகள் தமயந்தி. பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலை. அவளுக்கும் முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கும். போய்ப் பார்த்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். இவன் அவளைப் பார்த்தான், அவள் இவனைப் பார்த்தாள், இரண்டு பேரும் உடனே பஜ்ஜியைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் சம்மதத்துக்கு அதுவே போதும்.

அங்கமுத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“தை பொறந்ததும் மாப்பிள்ளை ஆபீசுக்கு வர்றேன். கம்ப்யூட்டர் ஓடறதை என்ற கண்ணால பாத்துப்போட்டுக் கைநனைக்கறேன்.”

மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆக, கம்ப்யூட்டர் ஓடினால் கல்யாணம். நின்றால் மாரப்பன் மறுபடி வால்வு திறக்கிறவன்.

மார்கழியில் ஒருநாள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்து அதை ஓட்டியது லினக்ஸ் என்கிற மென்பொருள். அதில் பல தினுசு உண்டு. மாவு ஒன்றுதான், சாதா, ரவா, ஊத்தப்பம் என்று ஊற்றுகிற கைக்குத் தகுந்தபடி பெயர் மாறும். ஓணான்வலசில் இருந்த தினுசுக்கு முகப்பு மஞ்சள் நிறம். ஆகவே அதன் பெயர் மஞ்சள். ‘இந்தத் தினுசை இனி யாரும் பராமரிக்க மாட்டார்கள்’ என்றது அறிவிப்பு.

கமிட்டி கூடியது. தலைவர் சென்னியப்பன், செயலாளர் பொங்கியண்ணன், இட்லிக்கடை தெய்வாத்தாள், ஆபரேட்டர் மாரப்பன் என்று நான்கு பேர். கம்ப்யூட்டரை அமைத்துத் தந்த ரெபேக்கா கோயமுத்தூரில் இருந்தாள். போனைப் போட்டு மேசை நடுவில் வைத்தார்கள்.

“அம்மணி, மஞ்சள் செத்துப்போச்சுங்களா?” என்று கேட்டார் தலைவர்.

“சாகலைங்ணா. ஓடும். ஆனா அதைக் கவனிச்சுக்க இனி ஆளில்லை.”

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டான். கவனிக்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று அவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“நீலம்னு ஒரு தினுசு இருக்குங்ணா, அதுக்கு மாறிக்கலாம். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போடறதா இருந்தா ரெண்டு நாள் மெஷின் நிக்கும்.”

“நிக்கக் கூடாதுங்க!” மாரப்பன் எழுந்தேவிட்டான்.

“சரி, உக்காருங்க. நிறுத்தாமயும் மாத்தலாம். உள்ள இருக்கற புரோகிராமெல்லாம் பொட்டலம் பொட்டலமாத்தான் இருக்கு. மஞ்சள் பொட்டலத்தை எடுத்துட்டு நீலப் பொட்டலம், அப்படி ஒவ்வொண்ணா. நான் இங்கிருந்தே தயார் பண்ணி வெச்சுடறேன். ஸ்கிரீன்ல கேக்கும், நீங்க ‘ஆம்’னு அழுத்தினாப் போதும். அவசரப்படாதீங்க. ஒண்ணு மாத்தினதும் எல்லாம் ஓடுதான்னு பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. ஒரே வேலைக்கு ரெண்டு பொட்டலம் இருந்தா மோதிக்கும். புதுசு வந்ததும் பழசை வெளியே அனுப்பிடுங்க. யாருக்கும் வேண்டாத பொட்டலம்னு காட்டினா, நிஜமாவே வேண்டாமான்னு பாத்துட்டு எடுத்துருங்க. நடுவுல மட்டும் மெஷினை நிறுத்திடாதீங்க.”

இவ்வளவையும் ஒரு தலையில் வைக்க முடியாது என்று கமிட்டிக்குத் தெரியும். தங்கள் தலையைப் பற்றி அவர்களுக்கு எப்போதுமே சரியான மதிப்பீடு உண்டு. ஆளுக்கொரு விதியைப் பிரித்துக்கொண்டார்கள். ‘நிற்கக் கூடாது’ தலைவருக்கு. ‘எல்லாம் ஓடுதா பார்’ பொங்கியண்ணனுக்கு. ‘புதுசு வந்தால் பழசு வெளியே’ தெய்வாத்தாளுக்கு. ‘யாருக்கும் வேண்டாததை எடு’ மாரப்பனுக்கு.

தலைவர் அன்றே ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் கம்ப்யூட்டரின் பொத்தான் மேல் கட்டி முடிச்சுப் போட்டார். இனி அதைத் தொடுகிறவன் ஊருக்கு ஆகாதவன் என்று அறிவித்தார். மின்சாரம் போனால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அதையும் நம்பாமல், மின்சாரம் போகிறபோதெல்லாம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “ஓடு சாமி, ஓடு” என்று பக்கத்திலேயே நின்றார். மின்சாரம் வந்ததும் தான்தான் ஓட்டியதாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முதல் பொட்டலம் எழுத்துருக்கள். மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ என்று அழுத்தினான். திரையில் எழுத்து கொஞ்சம் ஒல்லியானது.

“இருங்க” என்றார் பொங்கியண்ணன். “எல்லாம் ஓடுதான்னு பாக்கோணும்.”

மின்விசிறி ஓடியது. குழல்விளக்கு எரிந்தது. தலைவரின் மொபெட் உதைத்ததும் கிளம்பியது. கோயில் மணியை அடித்தார்கள், அடித்தது. தெய்வாத்தாள் கடைக் கிரைண்டர் ஓடியது. கடைசியாக மாவுமில்லுக்குப் போனார்கள். மில் ஓடவில்லை.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எழுத்து ஒல்லியானதுக்கும் மில்லு நின்னதுக்கும் என்னுங்க சம்பந்தம்?” என்று கேட்டான் மாரப்பன்.

“சம்பந்தம் தெரிஞ்சா நாம எதுக்குடா அம்மணிக்குப் போன் போடறோம்?” என்றார் பொங்கியண்ணன்.

பழைய எழுத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். மில் அப்போதும் ஓடவில்லை. மில்காரர் பேத்திக்குக் காது குத்தப் பழனிக்குப் போயிருக்கிறார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அவர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து பெல்ட்டை மாட்டுகிற வரைக்கும் ஓணான்வலசில் லினக்ஸ் மாற்றம் ஒத்திவைக்கப்பட்டது.

இப்படியாகப் பொட்டலங்கள் மாறின. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். ஊருக்கு அதில் நன்மையும் இருந்தது. அணைந்துகிடந்த தெருவிளக்குகள் எரிந்தன. பொங்கியண்ணனின் ஓடாத சுவர்க்கடிகாரத்துக்கு மட்டும் ஒரு விலக்கு அளித்துத் தீர்மானம் போட்டார்கள், அது மஞ்சள் காலத்திலேயே ஓடவில்லை என்பதால்.

கடிகாரப் பொட்டலத்தின் முறை வந்தது.

நீலத்தின் கடிகாரம் வந்து இறங்கியபோது சீமை நேரத்தில் இறங்கிவிட்டது. நம் ஊர் நேரத்துக்கு அது ஐந்தரை மணி பின்னால். மறுநாள் காலை மாரப்பன் வழக்கம்போல் எழுந்து வந்து மணிச்சத்தத்துக்காகக் காத்திருந்தான். ஆறாயிற்று. மணி அடிக்கவில்லை. குடங்களோடு வடக்குத் தெரு திரண்டு வந்தது. பின்னாலேயே தலைவரும் வந்தார்.

“கம்ப்யூட்டர் என்னடா சொல்லுது?”

“நடுராத்திரி பன்னெண்டரைங்குதுங்க.”

தலைவர் வெளியே எட்டிப்பார்த்தார். வெயில் வந்துகொண்டிருந்தது. திரும்பவும் திரையைப் பார்த்தார். யோசித்தார்.

“அப்பறம் எதுக்குடா எல்லாரும் எந்திரிச்சு வந்தீங்க? போய்ப் படுங்க.”

“வெளிச்சமா இருக்குதுங்களே?”

“வெளிச்சத்துக்கு என்ன தெரியும்? அது படிச்சுதா?”

நியாயமாகப் பட்டது. எல்லாரும் போய்ப் படுத்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். கூவிய சேவல்களைப் பஞ்சாரத்தில் போட்டு மூடினார்கள். மாடுகள் மட்டும் ஒத்துழைக்க மறுத்தன. வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் ‘டிணுங்’ என்றது, ஆறு மணி. ஊர் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தது. நடுவெயிலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். தெய்வாத்தாள் முதல் ஈடு இட்லியை இறக்கியபோது மதியச் சோற்று நேரம். பிள்ளைகள் குளித்து, பொட்டு வைத்துப் பள்ளிக்கூடம் போனபோது, வெளியூரிலிருந்து வருகிற டீச்சர் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ரெபேக்காவே போன் செய்தாள்.

“எல்லாம் நல்லா ஓடுதுங்களா அண்ணா?”

“கம்ப்யூட்டர் அருமையா ஓடுதுங்க அம்மணி. சூரியன்தான் கோளாறு பண்ணுது. ராத்திரியெல்லாம் அடிக்குது. மேல எங்க சொல்லோணும்?”

ரெபேக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அவள் அங்கிருந்தபடியே கடிகாரத்தைத் திருத்தினாள். மறுநாள் சூரியன் சரியான நேரத்துக்கு வந்தது. தலைவர் ஒரு போன் போட்டால் எவ்வளவு தூரம் வேலை நடக்கிறது என்று ஊரே வியந்தது.

தை பிறந்தது. அங்கமுத்து வருகிற வெள்ளிக்கிழமை வந்தது. மாரப்பன் விடியலிலேயே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தான். அன்றைக்குப் பார்த்துக் கம்ப்யூட்டர் கேட்டது: ‘கீழ்க்கண்ட பழைய பொட்டலங்கள் யாருக்கும் தேவையில்லை. நீக்கலாமா?’

இது மாரப்பனின் விதி. அவன் மனசாட்சி உள்ளவன். யாருக்கும் தேவையில்லை என்று ஒரு பெட்டி சொன்னால் ஆயிற்றா? தன்னைப் பற்றியும் இப்படி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

“ஊரைக் கேக்காம எப்படிங்க?” என்றான் கமிட்டியிடம்.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்பினார்கள். “பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்பு! குடிநீர்க் கம்ப்யூட்டர்ல யாருக்கும் வேண்டாத பொட்டலங்கள் இருக்குதுங்க. வேணும்ங்கறவங்க ஆபீசுக்கு வந்து சொல்லிப்போடுங்க.”

ஆட்டோ திரும்பி வருவதற்குள் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றுவிட்டது. கட்டைப்பை, அன்னக்கூடை, ஒருவர் தள்ளுவண்டியே கொண்டுவந்திருந்தார்.

“பழைய பிரிண்டர் பொட்டலமுங்க. உங்களுக்கு வேணுங்களா?” என்று மாரப்பன் முதல் ஆளைக் கேட்டான்.

“அப்படின்னா என்ன?”

“தெரியாதுங்க.”

“வேணும்.”

அடுத்து ஒரு பாட்டையா. “எனக்கு ரெண்டு குடு கண்ணு. பையன் திருப்பூர்ல இருக்கறான், அவன் பங்கு.”

“எனக்கு வேண்டாம். ஆனா எதுத்த வூட்டுக்காரன் வாங்கிட்டான்னா எனக்கும் வேணும்” என்று ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

யாருக்கும் வேண்டாத பொட்டலம் என்று ஓணான்வலசில் ஒன்றுகூட இல்லை என்பது உறுதியாயிற்று. மாரப்பன் ‘இல்லை’ என்று அழுத்தினான். பொட்டலங்கள் பத்திரமாக உள்ளேயே இருந்தன. தங்களுடையது போகவில்லை என்ற நிம்மதியில் ஜனங்கள் கலைய மனமில்லாமல் நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள்தான் அங்கமுத்து வந்து இறங்கினார்.

“மாப்பிள்ளை ஆபீசுக்கு இத்தனை கூட்டமா!” என்று வாயைப் பிளந்தார்.

உள்ளே வந்து, மஞ்சள் துணி கட்டிய பெட்டியைக் கும்பிட்டார். திரை பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் இருந்தது. அதையும் கும்பிட்டார்.  சரியாக ஏழு மணி. ‘டிணுங்.’ திரையில் ‘தெற்குத் தெரு’ என்று வந்தது. மாரப்பன் பாய்ந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

“கம்ப்யூட்டர் மணியடிச்சா மாப்பிள்ளை எதுக்குங்க ஓடறாரு?”

 தலைவர்தான் சமாளித்தார்.

“அதுதானுங்க அவுட்புட்டு.”

அங்கமுத்து தலையாட்டினார். தூரத்தில் குழாய்கள் இருமும் சத்தம் கேட்டது. “கேக்குதுங்க, கேக்குதுங்க” என்று பரவசப்பட்டார். இலை போட்டார்கள். கையை நனைத்தார். மாரப்பன் திரும்பி வந்தபோது அவர் பாயசத்தில் இருந்தார். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

“எனக்குப் பூரண சம்மதமுங்க” என்றார் அங்கமுத்து. “ஒரே ஒரு சங்கடம். தமயந்தியைத் திடீர்னு அங்கிருந்து எடுத்துட்டா என்ற வூடு நின்னு போயிரும். எனக்குச் சோறு பொங்கறதும் அவதான், சொசைட்டியில பால் அளக்கறதும் அவதான்.”

“அட, எதுக்குங்க நிறுத்தோணும்?” தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிறுத்தாமயே மாத்தலாமுங்க. கொஞ்சம் கொஞ்சமா. எங்களுக்கு அது கைவந்த வேலை.”

அங்கமுத்துவுக்கு விளக்கிச் சொன்னார்கள். அவரும் நம்ம ஆள்தான். ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

மறுநாளே தொடங்கியது. முதலில் தமயந்தியின் சொம்பு வந்தது. “புதுசு வந்தாச்சு, பழசு வெளியே” என்று தெய்வாத்தாள் மாரப்பனின் சொம்பை எடுத்துத் தேரைப்பாளையத்துக்கு அனுப்பினாள். பொங்கியண்ணன் ஊரைச் சுற்றிவந்து எல்லாம் ஓடுகிறது என்றார். அடுத்து அவள் தலையணை வந்தது, அவன் தலையணை போனது. அவள் அடுப்பு வந்தது, அவன் அடுப்பு போனது. தேரைப்பாளையத்துப் பால்வண்டி போகிற வழியில் ஒன்றை இறக்கிவிட்டு, திரும்புகிற வழியில் ஒன்றை ஏற்றிக்கொண்டு போகும்.

சாயங்காலமானால் தமயந்தி போன் செய்தாள். சாமான் வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டும் அல்லவா.

“உங்க ரேடியோ வந்துச்சுங்க. ஒரே ஸ்டேஷன்தான் எடுக்குது.”

“அது போதுமுங்க. பழகிப்போயிரும்.”

“என்ற கட்டில் வந்துதுங்களா? எடது காலு ஆடும். அடியில மடிச்சு வெக்க அட்டை ஒண்ணு தலமாட்டுல சொருகியிருக்கறேன்.”

“பாத்தனுங்க. வெச்சுட்டேன். இப்ப ஆடறதில்ல.”

“உங்க போர்வையில ஒரு ஓட்டை இருந்துது. தெச்சுட்டேன்.”

 “ஓட்டை இருந்துதுங்களா?” என்றான் மாரப்பன். வருஷக்கணக்காக அந்த ஓட்டை வழியாகத்தான் அவனுக்குக் குளிரும்.

பஜ்ஜிக்குப் பிறகு அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அவளுக்கு எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கப் பிடிக்கும் என்று அவளுடைய தலையணையைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் டீயில் சர்க்கரை எவ்வளவு போடுவான் என்று அவளும் டம்ளர் அடியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

மாசியில் ரெபேக்கா போன் செய்தாள்.

“பொட்டலமெல்லாம் நீலம் ஆயிருச்சு அண்ணா. பரவாயில்லையே! உள்ள ஓடிட்டிருக்கிற கெர்னல் மட்டும்தான் இன்னும் பழைய மஞ்சள். அதுதான் உயிர் மாதிரி. ஒரே ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணினா அதுவும் மாறிடும்.”

“ரீஸ்டார்ட்டுன்னா நின்னு ஓடுமா, நிக்காம ஓடுமா?” என்று கேட்டார் தலைவர்.

“ஒரு நிமிஷம் நின்னுட்டு ஓடும்.”

“நிக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

“நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேங்ணா. இது கடைசி!”

“கடைசின்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்? நாங்க நடுவுலதான இருக்கறோம்.”

போனில் ஏதோ அறைகிற சத்தம் கேட்டது. கோயமுத்தூரில் கொசு அதிகம் போலிருக்கிறது என்றார் பொங்கியண்ணன்.

நெடுநேரம் விவாதித்து, கம்ப்யூட்டரை நிறுத்தாமல் ரீஸ்டார்ட் செய்வது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அதற்கான வழி தெரிகிற வரை திரை அதன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ‘மறுபடி தொடங்கலாமா?’ என்று அது நாள் முழுக்கக் கேட்டபடியே இருந்தது.

கல்யாண வேலையும் அதே இடத்துக்கு வந்து நின்றது. அரிவாள்மனை, அம்மிக்குழவி, சாமி படம் வரைக்கும் மாறியாயிற்று. மாரப்பன் வீட்டில் தூக்கு வாளி முதல் துடைப்பம் வரை தமயந்தியுடையது. தேரைப்பாளையத்தில் எல்லாம் இவனுடையது. பாக்கி ஆள்தான்.

“பங்குனியில நாள் நல்லாருக்கு” என்றாள் தெய்வாத்தாள். “தமயந்தி இங்க வந்துரட்டும். மாரப்பன் அங்க போயிரட்டும்.”

மாரப்பன் திடுக்கிட்டான். “அக்கா, கல்யாணம்னா ரெண்டு பேரும் ஒரே வூட்டுலதானுங்க…”

“ஒரு வூட்டுல ஒரே வேலைக்கு ரெண்டு பேரா? மோதிக்கும்டா! புதுசு வந்தா பழசு வெளியே. அம்மணி சொன்னதை மறந்துட்டியா? ஊருக்குள்ள நீ பாக்கறதில்ல?”

அறையில் கல்யாணமானவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

“எனக்குன்னு பாக்கறப்ப…” என்று இழுத்தான் மாரப்பன்.

“இத்தனை பொட்டலம் மாத்திப்போட்டுக் கடைசிப் பொட்டலத்துல வந்து நிறுத்துவியா? நிக்கக் கூடாது!” என்றார் தலைவர்.

மாரப்பன் உட்கார்ந்தான். இவ்வளவு தூரம் எந்தச் சம்பந்தமும் அவனுக்கு வந்ததில்லை. இதிலும் குறுக்கே பேசிக் கெடுத்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பங்குனியில் அந்த நாள் வந்தது. இங்கிருந்து ஒரு ஜீப், அங்கிருந்து ஒரு ஜீப். ஓணான்வலசு ஜீப்பில் மாலையும் கழுத்துமாக மாரப்பன், பக்கத்தில் முழுக் கமிட்டி. எதிரே தேரைப்பாளையத்து ஜீப்பில் மாலையும் கழுத்துமாகத் தமயந்தி, பக்கத்தில் அங்கமுத்து. வாய்க்கால் பாலத்தில் இரண்டும் எதிரெதிரே வந்தன. ஒடுங்கிய பாலம். ஒன்றையொன்று உரசுகிற மாதிரி மெல்ல ஊர்ந்தன. தமயந்தியின் மாலை மாரப்பன் கையெட்டும் தூரத்தில் வந்தது. பஜ்ஜிக்குப் பிறகு இப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறான்.

“சித்த நிறுத்துங்க!” என்றான்.

“நிக்கக் கூடாது!” என்று தலைவர் டிரைவர் தோளில் தட்டினார்.

“ஏனுங்க!” தமயந்தி ஜீப்பிலிருந்து பாதி வெளியே சாய்ந்து கத்தினாள். “அடுப்புல பால் வெச்சிருக்கறேன், பொங்கீரும், பாத்துக்கங்க! சொசைட்டி நாலு மணிக்கு!”

“ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் மணியடிக்கும்!” மாரப்பன் திரும்பி நின்று கத்தினான். “சாவி கதவுக்குப் பின்னால! குழிக்குள்ள தேள் இருக்கும், பாத்து!”

புழுதி மறைத்துவிட்டது.

ஓணான்வலசில் இறங்கிய தமயந்தி, தன்னுடைய சாமான்களெல்லாம் தன் வீட்டில் இருந்த மாதிரியே இருப்பதைப் பார்த்தாள். கட்டில்கால் ஆடவில்லை. அங்கமுத்து கட்டிலைக் கண்டதும் படுத்துத் தூங்கிவிட்டார். பக்கத்திலேயே ஆபீஸ்; கதவு திறந்துகிடந்தது. உள்ளே போனாள். தூசி. முந்தானையால் மேசையைத் துடைத்தாள். பொத்தானில் கட்டியிருந்த துணி அழுக்காக இருக்கவே அவிழ்த்துத் துவைக்கப் போட்டாள். திரை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது: ‘மறுபடி தொடங்கலாமா?’ கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் பழக்கம். ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் இருண்டது. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு முழு நீலமாக எழுந்து ஓடியது. ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

கமிட்டி தேரைப்பாளையத்தில் மாரப்பனை இறக்கிவிட்டு, பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்க வைத்து, சாப்பிட்டு, மறுநாள் விடிந்துதான் திரும்பியது. வந்ததும் பொங்கியண்ணன் எல்லாம் ஓடுகிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்தார். மின்விசிறி, மொபெட், கோயில் மணி, கிரைண்டர், மாவுமில், எல்லாம் ஓடின. தேரைப்பாளையத்துக்குப் போன் போட்டார்கள். அங்கேயும் பால் அளப்பது நிற்கவில்லை, மாரப்பன் அளக்கிறானாம். திரை முழுக்க நீலமாக இருப்பதைப் பார்த்த தலைவர் பெருமிதத்தோடு ரெபேக்காவுக்குப் போன் போட்டார்.

“அம்மணி, முடிஞ்சுதுங்க! முழுசா நீலம்!”

“அப்பாடா! ரொம்பச் சந்தோஷம் அண்ணா. மாரப்பண்ணனுக்குக் கல்யாணம்னு சொன்னீங்களே, அது?”

“அதுதானுங்க இனிப் பாக்கோணும். தேரைப்பாளையத்துல தனிக்கட்டையா இருக்கறான், பால் சொசைட்டியில உத்தியோகம். ஏதாச்சும் நல்ல பொண்ணு இருந்தாச் சொல்லுங்க. இங்கயும் ஒரு பொண்ணு இருக்குதுங்க, தமயந்தின்னு, கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அதுக்கும் ஒரு மாப்பிள்ளை பாக்கோணும்.”

போனில் மறுபடியும் கொசு அறைகிற சத்தம் கேட்டது.

‘டிணுங்’ என்றது கம்ப்யூட்டர். தெற்குத் தெரு. தமயந்தி புடவையைத் தூக்கிச் செருகி, கதவுக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, தார் ரோட்டில் அதைக் கரகரவென்று இழுத்தபடி நடந்தாள். குழிக்குள் தேள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, சாவியை இறக்கித் திருகினாள். குழாய்கள் இருமத் தொடங்கின.